கஞ்சாவுக்கு லைசென்ஸ் கொடுத்தால் மாத்திரைப் பழக்கம் ஒழியுமா?

தொட்டியம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கங்களில் வாழைத்தார் விலை, மாமியாரின் சர்க்கரை வியாதி, வடகம் பிழிந்த அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்ட கொடுமை. விஷயம் மூன்றாவது பக்கத்தில்தான் இருந்தது.

"என் மகன் வெளியூரில் இன்ஜினீயரிங் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் சாப்பிட உட்கார்ந்தபோது, 'அமெரிக்காவிலே, கனடாவிலே எல்லாம் கஞ்சாவைக் கடையிலயே விக்கறாங்கம்மா. அதனால அங்கே போதை மாத்திரை தின்னு சாகறவங்க குறைஞ்சுட்டாங்களாம். நம்ம ஊர்லதான் இன்னும் பூச்சாண்டி காட்டறாங்க' என்றான். கல்லில் தோசை கருகியதுதான் மிச்சம், எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. அவன் சொல்வது நிஜமா? இல்லையென்றால் நான் என்ன பதில் சொல்ல? அதட்டினால் அடுத்த லீவுக்கு வாயே திறக்க மாட்டான்."

குடும்பப் பெண்கள் படிக்கிற பத்திரிகையில் கஞ்சாவைப் பற்றிப் பேச்சா என்று சிலர் முகம் சுளிப்பது இங்கே முசிறியிலிருந்தே எனக்குத் தெரிகிறது. என்ன செய்ய? பேச்சு நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கே வந்துவிட்டது. அந்தச் சகோதரியின் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அம்மாவிடம் இதைப் பற்றி வாய் திறந்து பேசுகிற பிள்ளை இன்னும் நம் கையை விட்டுப் போகவில்லை. அவனிடம் தப்பான பதிலைச் சொன்னோமென்றால், சரியானதைச் சொல்கிற அன்றைக்கும் நம்ப மாட்டான்.

பையன் பொய் சொல்லவில்லை. பாதி நிஜத்தை எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறான். மீதிப் பாதி அவன் கண்ணில் படவில்லை.

அதற்கு முன்னால் நம் அடுப்படிக்குள் ஒரு நடை போய் வருவோம். கசகசா டப்பாவைத் திறந்து பாருங்கள். குருமாவுக்கு அரைக்கிறோமே, அது அபின் செடியின் விதைதான். காய் பச்சையாக இருக்கும்போது அதன் மேல் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபின். காய் முற்றிக் காய்ந்து உடைந்தால் உள்ளே இருப்பது கசகசா. விதையில் பேர் சொல்லும்படி போதை கிடையாது, ஆகவே குருமாவை நிறுத்த வேண்டாம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் மத்திய அரசின் லைசென்ஸ் பெற்ற விவசாயிகள் இதைப் பயிர் செய்கிறார்கள். வடித்த பால் முழுவதையும் சர்க்காரிடமே ஒப்படைக்க வேண்டும். அதிலிருந்துதான் மார்ஃபின், கோடீன் போன்ற மருந்துகள் வருகின்றன. இவற்றைப் போலவே வேலை செய்யும்படி தொழிற்சாலையில் செய்கிற தம்பிகளும் உண்டு: டிரமடால், டாபென்டடால், ஃபென்டனில். இவை எல்லாவற்றையும் சேர்த்து அபின் வகை மருந்துகள் என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

கஞ்சா வேறு செடி, வேறு குணம். அபின் வகை மருந்து வலியை அடக்கும். அளவு மீறினால் மூளையில் மூச்சை நடத்துகிற இடத்தையும் தூங்க வைத்துவிடும். தூங்குகிறான் என்று வீட்டார் கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள், காலையில் பிள்ளை இருக்க மாட்டான். கஞ்சா அந்த மாதிரி மூச்சை நிறுத்துவதில்லை. அது கை வைப்பது மனசின் மேல், ஞாபகத்தின் மேல், நிதானத்தின் மேல். "ஒரு தடவை இழுத்தாலே செத்துப் போவே" என்று பிள்ளையிடம் சொன்னோமென்றால், இழுத்தும் சாகாத சிநேகிதன் அவனுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நம் பேச்சு அத்தோடு முடிந்தது. இருப்பதை இருக்கிறபடி சொன்னாலே போதுமான அளவுக்குப் பயங்கரம்தான்.

இனி அமெரிக்காச் சமாச்சாரம். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். 1996-ல் கலிபோர்னியா முதலில் வியாதிக்காரர்களுக்கு மருந்தாகக் கஞ்சாவை அனுமதித்தது. கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களில் 2012-ல் ஓட்டெடுப்பு நடத்தி, 2014-லிருந்து சும்மா வாங்குகிறவர்களுக்கும் கடை திறந்தார்கள். கனடா முழுவதும் 2018 அக்டோபரிலிருந்து அனுமதி. அதே காலத்தில் அமெரிக்காவில் இன்னொரு தீ பற்றி எரிந்துகொண்டிருந்தது. 1990-களின் பிற்பகுதியில், முதுகு வலி, மூட்டு வலி என்று வந்தவர்களுக்கெல்லாம் டாக்டர்கள் அபின் வகை மாத்திரைகளைத் தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். "இதற்கு அடிமையாக மாட்டீர்கள்" என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதை நம்பி எழுதினார்கள். ஜனங்கள் அடிமையானார்கள். பிறகு சீட்டு எழுதுவதை இறுக்கியதும் பலர் ஹெராயினுக்குப் போனார்கள், அதற்குப் பின் ஃபென்டனில் வந்தது. 2022-ல் மட்டும் அளவு மீறிய போதையால் அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அதில் முக்கால்வாசி அபின் வகையால். படித்த நாடு, பணக்கார நாடு!

இந்த நேரத்தில்தான், 2014-ல், ஒரு பெரிய மருத்துவப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வந்தது. 1999-லிருந்து 2010 வரை கணக்குப் பார்த்தால், மருந்துக் கஞ்சாவுக்கு அனுமதி தந்த மாநிலங்களில் அபின் வகைச் சாவுகள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 25 சதவீதம் குறைவு என்று. உலகமே பேசியது. வலிக்குக் கஞ்சாவை எடுத்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் போலும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நம் தொட்டியத்துப் பிள்ளை படித்தது இதைத்தான்.

அவன் படிக்காமல் விட்டது 2019-ல் வந்தது. வேறு ஆராய்ச்சியாளர்கள் அதே கணக்கை, அதே முறையில், 2017 வரைக்கும் நீட்டிப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு தலைகீழாகப் புரண்டுவிட்டது. குறைவு என்று இருந்தது 23 சதவீதம் அதிகம் என்று வந்தது! அதற்காகக் கஞ்சாதான் சாவைக் கூட்டியது என்று அவர்கள் சொல்லவில்லை. முதலில் தெரிந்த குறைவும் கஞ்சாவால் வந்தது அல்ல, இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போடுவதே சரியில்லை என்றுதான் சொன்னார்கள்.

இது எப்படி என்று கேட்பீர்கள். நம் ஊரில் நுங்கு விற்கிற மாதத்தில்தான் குழந்தைகளுக்கு வேனல் கட்டி வருகிறது. நுங்கா காரணம்? வெயில். இரண்டையும் கொண்டு வருவது அதுதான். அந்த மாதிரி, கஞ்சாவுக்கு முதலில் அனுமதி கொடுத்த மாநிலங்களில் ஆஸ்பத்திரி வசதி, சம்பளம், டாக்டர்கள் சீட்டு எழுதுகிற பழக்கம் என்று வேறு எத்தனையோ வித்தியாசங்கள் இருந்தன. ஒரு மாநிலத்தின் மொத்தக் கணக்கைப் பார்த்து ஒரு தனி மனுஷன் எதை விட்டு எதைத் தொட்டான் என்று சொல்ல முடியாது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாள்பட்ட வலிக்குப் பெரியவர்கள் சிலருக்குக் கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்து பலன் தருகிறது என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2017-ல் வெளியிட்ட பெரிய அறிக்கை ஒப்புக்கொண்டது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு வருகிற சில கடுமையான வலிப்பு நோய்களுக்கு அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுத்த, போதை தராத ஒரு சத்து மருந்தாகப் பயன்படுகிறது. நம் சித்த வைத்தியத்திலும் அந்தச் செடிக்கு இடம் உண்டு, முறைப்படி சுத்தி செய்தால்தான். மருந்து என்பது அளவும், சுத்தியும், வைத்தியர் கண்காணிப்பும் சேர்ந்தது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் சுற்றுக்கு வருவது மருந்தாகாது.

"லைசென்ஸ் கடை வந்தால் என்னவாகும்?" என்று கேட்பவர்கள் நம் நாட்டுக் கதையையே பார்க்கலாம். வெள்ளைக்காரன் காலத்தில், 1893-94-ல், இதற்கென்றே ஒரு கமிஷன் போட்டார்கள். நாடு முழுக்கச் சுற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். அளவாக உபயோகிப்பவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை, அளவு மீறினால் கெடுதல், முழுசாகத் தடுக்க வேண்டாம், வரியும் லைசென்ஸும் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கஜானா நிரம்புகிற தீர்ப்பு! சுதந்திரத்துக்குப் பிறகும் வடக்கே பல ஊர்களில் லைசென்ஸ் கடை இருந்தது. 1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்து கஞ்சாவின் பூவுக்கும் பிசினுக்கும் நாடு முழுக்கத் தடை போட்டது. இலை மட்டும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வரவில்லை. காசியில் பாங்கு விற்கும் கடைக்கு அரசாங்க லைசென்ஸ் இருப்பது அதனால்தான். காசி யாத்திரை போய்வந்த எதிர்வீட்டு மாமி இன்னும் அந்தக் கடைப் பலகையைச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுவார். "சர்க்காரே எழுதி மாட்டியிருக்காடி!" என்று.

2019-ல் மத்திய அரசுக்காக டில்லி எய்ம்ஸ் எடுத்த கணக்கு வெளிவந்தது. 10 வயதிலிருந்து 75 வயது வரை உள்ளவர்களில், சாராய வகைகளைக் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி. பாங்கு, கஞ்சா, சரஸ் மூன்றும் சேர்த்து 3 கோடியே 10 லட்சம். அபின் வகை 2 கோடியே 26 லட்சம், அதிலும் பழைய அபினைவிட ஹெராயின்தான் முன்னால் நிற்கிறது. உத்தரப் பிரதேசமும் பஞ்சாபும் பாங்கு-கஞ்சாப் பட்டியலிலும் மேலே இருக்கின்றன, அபின் வகைப் பட்டியலிலும் மேலே இருக்கின்றன. ஒன்று கிடைத்தால் இன்னொன்று குறையும் என்ற கணக்கு இங்கே உதைக்கிறது. (இதுவும் நுங்குக் கணக்காக இருக்கலாம் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், மடக்குவார்கள்.)

கடை திறந்த ஊர்களில் நல்லதே நடக்கவில்லையா? நடந்தது. கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்ததற்காகச் சிறைக்குப் போய் வாழ்க்கையைத் தொலைக்கிற இளைஞர்கள் குறைந்தார்கள். அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் சின்னக் குழந்தை வைத்திருக்கிற தாய்மார்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே கஞ்சாவை மிட்டாயாக, சாக்லேட்டாக, பிஸ்கட்டாக விற்கிறார்கள். பெரியவர்கள் வாங்கி மேஜை மேல் வைத்ததை 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எடுத்துத் தின்றுவிட்டதாக அமெரிக்க விஷ முறிவு மையங்களுக்கு 2017-ல் வந்த புகார் 207. 2021-ல் 3,054. பெரியவனுக்குக் கிறுகிறுப்பு தருகிற அளவு மூன்று வயதுக் குழந்தையை நினைவில்லாமல் போட்டுவிடும். கஞ்சா மூச்சை நிறுத்தாது என்று மேலே சொன்னது பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கு மூச்சே திணறிப்போவதும் உண்டு. நம் ஊரில் லைசென்ஸ் இல்லைதான், ஆனால் கஞ்சா சாக்லேட் தமிழ்நாட்டிலும் பிடிபடுகிறது. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் பேர் தெரியாத உறையில் சாக்லேட் விற்றால் என்ன, ஏது என்று கேளுங்கள்.

கர்ப்பிணிகள் விஷயம் சுருக்கமாக. கஞ்சாவின் போதைச் சத்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், தாய்ப்பாலிலும் வரும். குழந்தை எடை குறைந்து பிறக்கும். வடநாட்டில் வேலை பார்க்கிற நம் பெண்கள் ஹோலிப் பண்டிகைக்கு யாராவது பால் டம்ளரை நீட்டினால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்கவும்.

தாய்லாந்து கதை இன்னும் வேடிக்கை. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப் பொருள் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. 2025 ஜூனில், டாக்டர் சீட்டு இருந்தால்தான் என்று மறுபடி கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். இந்த ஆட்டம் உலகத்தில் இன்னும் முடியவில்லை. ஆகவே யாராவது அடித்துச் சொன்னால், அவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும், கொஞ்சம் தள்ளியே நின்று கேட்பது நல்லது.

வேலைக்குப் போகிற இடம் என்று வரும்போதுதான் நம் பிள்ளைகளுக்குக் காலில் முள் குத்துகிறது. "சட்டம் அனுமதித்தால் போதை ஏறாது" என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? துவாக்குடிப் பட்டறைகளில் வெல்டிங் வேலைக்குப் போகிற பையன்கள், சாரத்தின் மேல் ஏறுகிற கொத்தனார்கள், ராத்திரியில் காவிரிப் பாலத்தில் லாரி ஓட்டுகிறவர்கள்... கஞ்சா உள்ளே போனால் தூரத்தைக் கணிக்கிற கண்ணும், பிரேக்கை மிதிக்கிற காலும் மந்தமாகும். ஓட்டுகிறவனுக்கு மட்டும் தான் வெகு நிதானமாக ஓட்டுவதாகத் தோன்றும். கடை திறந்திருக்கிற அமெரிக்காவிலேயே, லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள் தொடக்கூடாது என்று மத்திய அரசு இன்றைக்கும் பரிசோதனை செய்கிறது. மாட்டினால் வேலை போச்சு. நம் மோட்டார் வாகனச் சட்டமும் குடியோடு போதை மருந்தையும் சேர்த்துத்தான் குற்றம் என்கிறது.

இந்தப் பரிசோதனையில் ஒரு சிக்கல் உண்டு. சாராயம் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். கஞ்சாவின் சத்து கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்வதால், தினமும் பிடித்தவனுக்கு வாரக்கணக்கில் சிறுநீரில் தெரியும். அன்றைக்குப் போதையில் இருந்தானா, பதினைந்து நாளைக்கு முன்னால் இருந்தானா என்று அந்தச் சோதனைக்குச் சொல்லத் தெரியாது. கலிபோர்னியாவில் இதற்காகவே 2024 ஜனவரியிலிருந்து, பழைய தடயத்தை மட்டும் வைத்து வேலையை விட்டு நிறுத்தக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஆனால் நம் பிள்ளைகள் எல்லோரும் கலிபோர்னியாவுக்கா போகிறார்கள்?

முசிறி, துறையூர், தொட்டியத்துப் பிள்ளைகள் திருச்சி ஏர்போர்ட்டில் விமானம் ஏறினால் இறங்குகிற இடம் சிங்கப்பூர், துபாய், கோலாலம்பூர். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை வரைக்கும் சட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தங்கராஜு சுப்பையா என்ற சிங்கப்பூர்த் தமிழரைத் தூக்கிலிட்டார்கள். ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது வழக்கு. அதைத் தான் கையால் தொட்டதே இல்லை என்று கடைசி வரைக்கும் சொன்னார். அவருக்கு வயது 46. உலகத்தில் எந்த நாடு என்ன சட்டம் போட்டது என்று அந்தக் கோர்ட்டு கேட்கவில்லை. அந்தத் தண்டனை நியாயமா, அநியாயமா என்பது வேறு பேச்சு. எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளையை அனுப்புகிற தாய் தெரிந்துகொள்ள வேண்டியது, சட்டம் என்பது நாம் நிற்கிற மண்ணைப் பொறுத்தது என்பதை.

கஞ்சாவை எந்தத் தாயும் பெட்டியில் வைத்து அனுப்பப் போவதில்லை. மாத்திரையை வைக்கிறோமே? "இடுப்பு வலின்னு சொன்னியே, அப்பாவோட மாத்திரை ரெண்டு அட்டை வச்சிருக்கேன்" என்று டிரமடால் அட்டையைப் பெட்டியில் செருகுகிறோம். கோடீன் கலந்த இருமல் மருந்தைச் சட்டைக்குள் சுற்றி வைக்கிறோம். ஐக்கிய அரபு அமீரகத்தில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். டாக்டர் சீட்டும் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டுபோனால் ஏர்போர்ட்டிலேயே பிடித்துக்கொள்வார்கள். அங்கேயும், சவூதியிலும், சிங்கப்பூரிலும் கசகசாவுக்கும் தடை. ஆசை ஆசையாக வறுத்து அரைத்துக் கொடுக்கிற குருமாப் பொடியில் கசகசா வேண்டாம். முந்திரி போட்டு அரைத்தால் ருசி ஒன்றும் குறைந்துவிடாது.

மாத்திரைப் பேச்சு வந்துவிட்டதால் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டியத்துச் சகோதரிக்கு நான் எழுதுகிற பதிலில் பாதிக்கு மேல் இதுதான் இருக்கும். அமெரிக்காவில் என்ன நடந்தால் என்ன, தமிழ்நாட்டில் இன்றைக்குப் பிள்ளைகளைப் பிடித்து ஆட்டுகிற அபின் வகை, ஹெராயின் வேஷத்தில் வருவதில்லை. வலி நிவாரணி மாத்திரையாக வருகிறது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத டாபென்டடால் மாத்திரைகளை யார் மூலமாகவோ வாங்கி, ஊசியாகப் போட்டுக்கொண்டு செத்த பிள்ளைகளின் செய்தி சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் திரும்பத் திரும்ப வருகிறது. இது விழுங்குவதற்கென்று செய்த மாத்திரை. அதில் இருக்கிற மாவும் பொடியும் ரத்தக் குழாயை அடைத்துவிடும். ஊசியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதால் மஞ்சள் காமாலை, எய்ட்ஸ் கிருமிகளும் உள்ளே போகும். கஞ்சாப் பொட்டலத்துக்கு வாசனை உண்டு, அம்மாவின் மூக்குக்குத் தெரிந்துவிடும். மாத்திரைக்கு வாசனை ஏது? வெயில் கொளுத்துகிற சித்திரையிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பிள்ளை, எந்நேரமும் அரைத் தூக்கம், கடுகு மாதிரி சுருங்கிய கண்மணி, காரணமில்லாமல் கழியும் காசு, ஊசி உறை, வீட்டில் குறைகிற மாத்திரை அட்டை. இவற்றில் ஒன்றைப் பார்த்ததும் ஊரைக் கூட்டிவிட வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் சும்மாவும் இருக்க வேண்டாம்.

கஞ்சா விஷயத்திலும் வயதுதான் முக்கியம். பிடிப்பவர்களில் பத்துக்கு ஒருவர் அடிமையாகிறார் என்றால், பதின்ம வயதிலேயே தொடங்கியவர்களில் ஆறுக்கு ஒருவர். மூளை இருபத்தைந்து வயது வரைக்கும் வளர்ந்துகொண்டிருக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால் ஆபத்து ஜாஸ்தி. கண்ணுக்குத் தெரியாத ஆள் பேசுகிறான், எல்லோரும் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்துவிடும்.

இங்கிருந்து திருச்சி போகிற வழியில் குணசீலம் இருக்கிறது. மனசு பேதலித்தவர்களை அழைத்து வந்து பெருமாள் சந்நிதியில் ஒரு மண்டலம் தங்க வைப்பது பரம்பரை வழக்கம். அங்கே இப்போது மனநல மறுவாழ்வு இல்லமும் உண்டு. சனிக்கிழமைகளில் போகும்போது, பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தாய்மார்களைப் பார்ப்பேன். ஒரு தடவை பக்கத்தில் இருந்த அம்மாள் தானாகவே சொன்னார்: "நல்லாப் படிச்சவன்மா. காலேஜ்ல யாரோ பழக்கிவிட்டாங்க. பேய் பிடிச்சிருக்குன்னு ரெண்டு வருஷம் மந்திரிச்சுக்கிட்டே இருந்துட்டோம்." சாமியும் கும்பிடுங்கள், டாக்டரையும் பாருங்கள் என்பேன். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போலீஸ் பயத்தில்தான் பல வீடுகளில் பிள்ளையை மறைத்து வைக்கிறார்கள். 1985 சட்டத்திலேயே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 64-ஏ என்ற பிரிவு. பழக்கத்துக்கு அடிமையானவன், உபயோகித்ததற்காகவோ கொஞ்சமாக வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டினாலும், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சையை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. விற்கிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. 14446 என்ற இலவச டெலிபோன் நம்பரில் கேட்டால் பக்கத்தில் எங்கே சிகிச்சை என்று சொல்வார்கள். திருச்சி பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2025-ல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குடிக்கு இளம் வயதிலேயே கணவரைப் பறிகொடுத்தவர். அந்தக் காலத்தில் குடிகாரன் பெண்டாட்டி என்றால் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் கிடக்க வேண்டியதுதான். அவர் 1980-ல் கணவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கி, குடிக்கும் போதைக்கும் அடிமையானவர்களை நோயாளிகளாக நடத்தி வைத்தியம் பார்க்க வைத்தார். அங்கே ஆரம்பத்திலிருந்தே மனைவிக்கும் தாய்க்கும் தனியாக ஆலோசனை உண்டு. 1992-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பட்டத்தைவிட, நோயாளியோடு கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கும் சிகிச்சை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அபின் வகை என்றாலே அலறி ஓட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. அது இன்னொரு கொடுமையில் போய் முடியும். 1985 சட்டத்துக்குப் பிறகு லைசென்ஸ் கெடுபிடியில் ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைக்கவே பயந்தன. 1997-க்குள் நாட்டில் அதன் உபயோகம் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் குறைந்துபோனது. புற்றுநோய்க்காரர்கள் கதறக் கதறச் செத்தார்கள். கேரளத்து டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்காகப் போராடி, 2014-ல் சட்டத்தைத் திருத்தச் செய்து, வழியைக் கொஞ்சம் சுலபமாக்கினார்கள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவருக்குத் தொண்டையில் புற்று. டாக்டர் மார்ஃபின் மாத்திரை கொடுத்திருந்தார், நாலு மணிக்கு ஒன்று. மருமகள் பயந்த சுபாவம். "அத்தை, மாமாவுக்கு இதுல பழக்கமாயிடும்னு சொல்றாங்க" என்று ராத்திரி மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருப்பார். அந்த நர்ஸம்மா வந்து அவளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்ன பிறகுதான், மனுஷர் கடைசி நாற்பது நாளும் பேரனோடு இரண்டு வார்த்தை பேசி, ரசஞ்சாதம் நாலு வாய் உள்ளே போனது. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், வலிக்காகக் கொடுக்கிற மார்ஃபின் வேறு. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற ஏற்பாடு 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள்.

அந்த மருமகள் அப்புறம் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மாத்திரைகளை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் முடிந்துகொண்டாள். பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே ஒரு பக்கம் ஒதுக்கி, எத்தனை வந்தது, எத்தனை கொடுத்தது என்று எழுதினாள். பெரியவர் காலமானதும் பத்தாம் நாள் காரியம் முடிந்த கையோடு, மிச்சமிருந்த பதினேழு மாத்திரைகளையும் எண்ணி, கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.